பேனாவால் வரை, அப்புறம் ஓட்டிப் பார்: சேலம் இயற்பியல் வகுப்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலம் அஸ்தம்பட்டியில் வார இறுதி மாலைகளில் ஒன்பதாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரையிலான பிள்ளைகளுக்கு இயற்பியல் சொல்லித் தருகிறேன். போர்டில் சாக்பீஸ் பிடிக்கும் நேரம் பாதி, பேனா லேப்டாப்பும் புரொஜெக்டரும் பாதி. வரைந்த படம் அப்படியே உயிர் வந்து உருள்வதைப் பார்த்துவிட்டுப் பெற்றோர்களும் வேறு பள்ளி ஆசிரியர்களும் போனில் கேட்கிறார்கள். பிள்ளைகள் கேட்பது தனி. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதிவைத்தால் நல்லது என்று எழுதியது இது.

இது என்ன மாதிரி மென்பொருள்?

நான் வகுப்பில் ஓட்டுவது அல்கோடூ என்ற மென்பொருள். திரையில் பேனாவால் ஒரு சரிவு வரைகிறீர்கள். அதன் மேல் ஒரு வட்டம். ஓட்டு பொத்தானை அழுத்தினால் வட்டம் சரிவில் உருண்டு இறங்கும். எவ்வளவு வேகத்தில், எங்கே மோதி, எவ்வளவு எகிறும் என்பதை யாரும் முன்கூட்டியே படமாக எடுத்து வைக்கவில்லை. நியூட்டன் விதிகளை வைத்து அந்தந்த நொடியில் மென்பொருள் கணக்கிடுகிறது. கார்ட்டூனுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அதுதான். கார்ட்டூனில் வரைபவர் நினைத்த இடத்துக்குப் பந்து போகும். இதில் நீங்கள் நினைக்காத இடத்துக்கும் போகும்.

யார் கண்டுபிடித்தது? புதிதாக வந்ததா?

புதிது இல்லை. திரையில் பேனா வைத்து வரைவதே 1963-க்குப் போகிறது. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஐவன் சதர்லேண்ட் ஒளிப்பேனாவால் திரையில் கோடு போடும் ஸ்கெட்ச்பேட் என்ற நிரலைத் தன் ஆய்வேட்டுக்காகச் செய்தார். வரைந்த கோடுகளுக்குள் ‘இவை இரண்டும் இணை’, ‘இவை சம நீளம்’ என்று நிபந்தனை வைத்தால், படம் தன்னைத் தானே திருத்திக்கொள்ளும்.

வரைந்ததை இயற்பியலாகப் புரிந்துகொள்ளும் வேலையும் அதே எம்.ஐ.டி.யில்தான் நடந்தது. பேராசிரியர் ராண்டால் டேவிஸ் குழுவில் கிறிஸ்டீன் அல்வராடோ 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அசிஸ்ட் என்ற ஒன்றை உருவாக்கினார். வெள்ளைப்பலகையில் சரிவும் வண்டியும் வரைந்து, கீழ்நோக்கி ஒரு அம்புக்குறி போட்டால் அதை ஈர்ப்பு விசை என்று எடுத்துக்கொண்டு வண்டியை ஓட விடும். மைக்ரோசாஃப்ட் 2002 இறுதியில் டேப்லெட் பிசி என்ற பேனா கம்ப்யூட்டர்களைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அப்புறம் அந்த ஆய்வை அடிப்படையாக வைத்து அவற்றுக்கென்றே ஃபிசிக்ஸ் இல்லஸ்ட்ரேட்டர் என்ற நிரல் வந்தது. அந்த மெஷின்கள் கனமாகவும் விலை கூடியதாகவும் இருந்தன. நம் பக்கத்துப் பள்ளிகளுக்கு எட்டவே இல்லை.

பெரிய கூட்டத்துக்கு இதைக் கொண்டுபோய்ச் சேர்த்தது சுவீடன். உமியோ பல்கலைக்கழகத்தில் எமில் எர்னர்ஃபெல்ட் என்ற மாணவர் முதுகலை ஆய்வுக்காகச் செய்த ஃபன் என்ற நிரல் 2008-இல் வெளியாகி இணையத்தில் பரவியது. அதுவே அடுத்த ஆண்டு அல்கோரிக்ஸ் என்ற நிறுவனத்தின் வழியாக அல்கோடூ ஆனது. அதே காலத்தில் பின்லாந்தின் பெட்ரி புர்ஹோ செய்த கிரேயான் ஃபிசிக்ஸ் டீலக்ஸ் என்ற விளையாட்டு, மெழுகுக்கலரில் வரைந்தால் அது பொருளாகி விழும் வித்தையைக் காட்டி 2008-இல் தனி விளையாட்டு உருவாக்குநர்களுக்கான விழாவில் முதல் பரிசு வாங்கியது.

நான் கோணல்மாணலாக வரைகிறேன். அது எப்படிச் சரியாகப் புரிந்துகொள்கிறது?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. பிள்ளைகள் இதைக் கேட்டால் அன்றைக்குப் பாடத்தை நிறுத்திவிட்டு இதையே பேசுவேன்.

பேனா திரையில் நகரும்போது மெஷினுக்குப் படம் போவதில்லை, புள்ளிகள் போகின்றன. ஒவ்வொரு புள்ளிக்கும் இடம் மட்டுமல்ல, நேரமும் சேர்ந்தே பதிவாகும். அந்த நேரத்தில்தான் சூட்சுமம். கையால் ஒரு சதுரம் வரைந்து பாருங்கள். நேர்க்கோட்டில் கை வேகமாகப் போகும், மூலை வந்ததும் உங்களை அறியாமல் வேகம் குறையும். ஆக, வளைவு கூடி வேகமும் குறைந்த இடம் எதுவோ அது மூலை. வட்டத்தில் வளைவு உண்டு, ஆனால் எங்கும் கை அப்படித் தயங்காது. எம்.ஐ.டி. குழு 2001-இல் இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்து மூலைகளைப் பிடிக்கும் முறையை எழுதியது. வரைந்து முடித்த படத்தை ஸ்கேன் செய்து கொடுத்தால் இந்தத் தகவல் கிடைக்காது, வரையும்போதே கவனிப்பதால்தான் கிடைக்கிறது.

மூலைகளைப் பிடித்தபின் இடையில் உள்ள நடுக்கத்தை நேர்க்கோடாகவோ வில்லாகவோ மாற்றிவிடும். தொடங்கிய இடமும் முடித்த இடமும் நெருங்கியிருந்தால் மூடிய வடிவம், அதாவது ஒரு பொருள்.

அப்புறம் வருவது சந்தேகம் தீர்க்கும் வேலை. ஒரு சின்ன வட்டம் பந்தா, அச்சாணியா? வெட்டவெளியில் இருந்தால் பந்து. இரண்டு பொருள்கள் ஒன்றன் மேல் ஒன்று ஏறியிருக்கும் இடத்தில் போட்டால் அச்சாணி. பெருக்கல் குறி போட்டால் அந்தப் பொருளைச் சுவரில் ஆணி அடித்த மாதிரி. மேலும் கீழுமாக இழுத்த கோணல் கோடு சுருள்வில். அசிஸ்ட் இப்படிப் பல அர்த்தங்களை மனதில் வைத்து, சுற்றியிருப்பதைப் பார்த்து எது பொருந்தும் என்று வரிசைப்படுத்தும்.

அல்கோடூ இந்த அளவுக்கு ஊகிக்க மெனக்கெடுவதில்லை. அச்சாணிக்கும் சுருள்வில்லுக்கும் தனித்தனிக் கருவி உண்டு, அதைத் தொட்டுவிட்டு வைக்க வேண்டும். வகுப்புக்கு இதுவே மேல் என்பது என் எண்ணம். மெஷின் தப்பாக ஊகித்துவிட்டால் பிள்ளை இயற்பியலை விட்டுவிட்டு மெஷினோடு மல்லுக்கட்ட ஆரம்பித்துவிடும்.

எந்த மென்பொருளைப் போட வேண்டும்? காசு உண்டா?

விண்டோஸ், மேக் இரண்டிலும் அல்கோடூ இலவசம். ஐபேடுக்குத் தனி ஆப் இருக்கிறது. ஆண்ட்ராய்டு டேப்லெட் மட்டும் வைத்திருப்பவர்கள் பிரவுசரில் ஓடும் ஃபெட் சோதனைகளைப் பாருங்கள். நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் 2002-இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கியது, சில சோதனைகள் தமிழிலும் இருக்கின்றன. ஆனால் அதில் நினைத்ததை வரைய முடியாது. அவர்கள் கட்டிவைத்த சோதனையில் அளவுகளை மாற்றிப் பார்க்கலாம், அவ்வளவுதான். லினக்ஸ் வைத்திருந்தால் கேடிஇ குழுவின் ஸ்டெப் என்ற நிரல் உண்டு. அதுவும் வரைவதைவிடப் பொருள்களை எடுத்து வைக்கும் ரகம்.

என்ன பேனா வாங்குவது?

மூன்று ரகம் உண்டு. ரப்பர் முனை வைத்த மலிவான பேனா விரலுக்குப் பதில் வேலை செய்யும், அவ்வளவுதான். முனை தடிமன் என்பதால் எங்கே தொடுகிறோம் என்றே தெரியாது, கை பட்டாலும் கோடு விழும். இயற்பியலுக்கு இது வேண்டாம்.

அடுத்தது பேட்டரி உள்ள பேனா. டச் லேப்டாப்புகள் பலவற்றில் வருவது இந்த ரகம். மூன்றாவது வாகொம் (Wacom) நிறுவனத்தின் மின்காந்த முறை. திரைக்குப் பின்னால் உள்ள கம்பிச்சுற்றுத் தகடு பேனாவுக்குள் இருக்கும் சுருளுக்குச் சக்தி தரும், ஆகவே பேனாவில் பேட்டரியே இல்லை. பேனா அருகில் வந்ததும் கையை ஒதுக்கிவிடுவதால் திரையில் கையை ஊன்றி வரையலாம். பிள்ளைகளுக்கு அதுதான் வசதி.

புது மெஷின் வாங்கத் தேவையில்லை என்று நினைப்பவர்கள் இருக்கிற லேப்டாப்பில் யுஎஸ்பி வழியாகச் செருகும் பேனா பலகை வாங்கலாம். கை கீழே, பார்வை மேலே. முதலில் கொஞ்சம் தடுமாறும், பிறகு பழகிவிடும்.

அரசு கொடுத்த பழைய லேப்டாப் வீட்டில் இருக்கிறது. ஓடுமா?

2011 முதல் பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கொடுத்த விலையில்லா லேப்டாப்தானே? விண்டோஸ் பக்கம் போய்ப் போட்டுப் பாருங்கள், சின்னச் சின்ன சோதனைகள் ஓடும். தண்ணீர் சோதனை வேண்டாம், திணறும். டச் கிடையாது என்பதால் பேனா பலகையோ மவுஸோ வேண்டும்.

முதல் வகுப்பில் என்ன செய்ய வைப்பீர்கள்?

ஏற்காடு மலையை வரையச் சொல்வேன். ஒரு பஸ்ஸை அடிவாரம் நோக்கி இறக்க வேண்டும். எல்லாப் பிள்ளைகளும் 45 டிகிரியில்தான் மலை வரைவார்கள், இதற்கு விதிவிலக்கே கிடையாது. ஓட்டினால் பஸ் தலைகுப்புற உருண்டு, கூரை கீழாக வந்து சேரும். சிரிப்பு அடங்கியதும் கணக்குக்கு வருவோம்.

அடிவாரத்திலிருந்து ஏற்காடு வரை மலைப்பாதை 20 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. ஏறும் உயரம் 1,000 மீட்டருக்கு மேல். ஆக 100 மீட்டர் போனால் ஏறுவது 5 மீட்டர், சராசரிச் சாய்வு 3 டிகிரிதான். சில இடங்களில் இதைவிடச் செங்குத்து, சில இடங்களில் கிட்டத்தட்ட சமதரை. மலையை நேராகப் பிளந்து ரோடு போட்டால் எந்த பஸ்ஸாலும் ஏற முடியாது, அதற்காகத்தான் 20 கொண்டை ஊசி வளைவுகள் போட்டுப் பாதையை நீட்டியிருக்கிறார்கள்.

சரி, இப்போது 3 டிகிரியில் கோடு வரையுங்கள் என்பேன். திரையில் பார்த்தால் சமதரை மாதிரித் தெரியும். ‘இதுல பஸ் நகராது சார்’ என்று ஒரு பையன் கட்டாயம் சொல்வான். ஓட்டும் முன் எல்லாரும் நோட்டில் எழுத வேண்டும்: பிரேக் இல்லாமல், சக்கரம் தாராளமாகச் சுற்றினால் 100 மீட்டர் போனதும் என்ன வேகம்? பெரும்பாலும் 5, 10 கி.மீ. என்று எழுதுவார்கள்.

ஓட்டினால் 36 கி.மீ. வேகத்தை ஒட்டி வரும். 400 மீட்டரில் 70-ஐத் தொடும். தாளில் போட்டாலும் அதே விடைதான்: முடுக்கம் சுமார் 0.5, அதை இரண்டால் பெருக்கி, தூரத்தால் பெருக்கி, வர்க்கமூலம் எடுங்கள். 100 மீட்டருக்கு நொடிக்கு 10 மீட்டர் வரும், அதாவது மணிக்கு 36 கி.மீ. சக்கரம் சுழல்வதற்குக் கொஞ்சம் ஆற்றல் போவதால் திரையில் சற்றுக் குறையும். காற்றுத் தடையை அணைத்து வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள், அது ஓடிக்கொண்டிருந்தால் இன்னும் குறையும்.

அடுத்த கேள்வி தானாக வரும்: அப்படியென்றால் டிரைவர் எப்படி இறக்குகிறார்? 10 டன் பஸ் 1,000 மீட்டர் இறங்கினால் கிட்டத்தட்ட 10 கோடி ஜூல். 300 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதி வரவைக்கப் போதும். அவ்வளவு சூட்டையும் பிரேக்கின் தலையில் கட்டினால் பிரேக் பிடிக்காமல் போகும். அதனால்தான் கீழ் கியரில் போட்டு என்ஜினை வைத்தே பஸ்ஸை இழுத்துப் பிடிக்கிறார்கள். அல்கோடூவில் சக்கர அச்சில் மோட்டாரைப் போட்டு, சுழல் வேகத்தைக் குறைவாக வைத்தால் இதே காட்சி வரும். அடுத்த முறை ஏற்காடு பஸ்ஸில் இறங்கும்போது என்ஜின் உறுமலைக் கவனித்துவிட்டு வந்து சொல்லும் பிள்ளைகள் உண்டு.

நோட்டில் எழுதச் சொல்வது எதற்கு? நேராக ஓட்டிப் பார்த்தால் போதாதா?

போதாது. எழுதாமல் ஓட்டினால் எது வந்தாலும் ‘ஆமா, நான் இப்படித்தான் நினைச்சேன்’ என்று சொல்லிவிடுவார்கள். பிள்ளைகள் மட்டுமல்ல, நாமும்தான். பந்து போகும் பாதையைப் பென்சிலால் நோட்டில் போட்டுவிட்டால் பிறகு நழுவ முடியாது. என் வகுப்பில் ஓட்டு பொத்தானைத் தொடும் உரிமை நோட்டைக் காட்டியவருக்குத்தான். இந்த ஒரு விதியை எடுத்துவிட்டால் இந்த மென்பொருளுக்கும் வீடியோ கேமுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

கொண்டை ஊசி வளைவையும் காட்டலாமா?

காட்டலாம், ஆனால் பார்க்கும் கோணம் மாற வேண்டும். இது இரு பரிமாண உலகம். பக்கவாட்டில் பார்த்தால் சரிவு தெரியும், வளைவு தெரியாது. மேலிருந்து பார்ப்பதாக வைத்துக்கொண்டால் ஈர்ப்பு விசையை அணைத்துவிட வேண்டும். அணைத்ததும் இன்னொரு சிக்கல்: தரை என்ற ஒன்றே இல்லை, ஆகவே டயருக்கும் ரோட்டுக்கும் உராய்வு கிடையாது. மென்பொருளைப் பொறுத்தவரை பஸ் அந்தரத்தில் மிதக்கிறது.

நான் செய்வது இதுதான். வளைவின் மையத்தில் ஒரு புள்ளியை நிலையாக வைத்து, பஸ்ஸை அதோடு சங்கிலியால் கட்டுவேன். டயர் தர வேண்டிய மையநோக்கு விசையைச் சங்கிலி தருகிறது. இப்போது கேள்வி: சங்கிலியைப் பாதியில் அறுத்தால் பஸ் எந்தப் பக்கம் போகும்? நோட்டில் பாதிப் பேர் மையத்திலிருந்து நேரே வெளியே அம்பு போடுவார்கள். கத்திக் கருவியால் குறுக்கே ஒரு கோடு இழுத்தால், பஸ் தொடுகோட்டில் நேராகப் போகும். தடம் காட்டும் கருவியை முன்பே ஒட்டிவைத்தால் பாதையும் திரையில் நிற்கும்.

அப்புறம் வேகம். 12 மீட்டர் ஆரமுள்ள வளைவில் 20 கி.மீ. வேகத்தில் திரும்ப, எடையில் கால் பங்கு அளவுக்குப் பக்கவாட்டு விசை வேண்டும். 40 கி.மீ. வேகத்தில் திரும்ப முயன்றால் அது நான்கு மடங்காகி, பஸ்ஸின் முழு எடைக்கே சமமாகிவிடும். ஈர ரோட்டில் எந்த டயரும் அதைத் தராது.

பாடப்புத்தகத்தில் நிலை உராய்வு, இயக்க உராய்வு என்று இரண்டு இருக்கிறது. இதில் ஒன்றுதான் இருக்கிறதே?

நல்ல கண். ஆங்கிரி பேர்ட்ஸ் விளையாட்டுக்குள் ஓடும் பாக்ஸ்2டி உட்பட, இயற்பியல் கணக்குப் போடும் இந்த மாதிரி நிரல்கள் (எஞ்சின்கள் என்பார்கள்) பலவற்றில் ஒரு பரப்புக்கு ஒரே உராய்வு எண்தான். நிஜத்தில் பீரோவைத் தள்ளும்போது முதலில் அசைய மறுத்து, அசைந்ததும் சட்டென்று லேசாகும். திரையில் அந்தச் சட்டென்று வராது. இந்தப் பாடத்துக்கு மென்பொருளை மூடிவிட்டு, மேஜை மேல் ஒரு செங்கல்லையும் சுருள் தராசையும் வையுங்கள்.

ஆனால் சாய்தளத்தில் பொருள் எந்தக் கோணத்தில் வழுக்கத் தொடங்கும் என்பதற்கு இது அருமை. உராய்வுக் குணகம் 0.5 என்றால் 26 டிகிரி வரை நிற்கும், 27-இல் கிளம்பிவிடும். எடையை இரட்டிப்பாக்கினாலும் கோணம் மாறாது. பிள்ளைகள் இதை நம்பவே மாட்டார்கள். பத்து விதமான எடையில் பெட்டி வரைந்து வரிசையாக நிறுத்திப் பார்ப்பார்கள்.

கொலுசு மாதிரி சங்கிலி செய்து கனமான பொருளைத் தொங்கவிட்டால் ரப்பர் போல நீள்கிறது. ஏன்?

செவ்வாப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் வீட்டுப் பெண் ஒருத்தி கேட்டது. ‘எங்கப்பா பண்ற கொலுசு இப்படி இழுக்காது சார்’ என்றாள். அவள் அப்பா கொலுசில் குறையில்லை, கணக்கு போடும் முறையில்தான் குறை.

ஒவ்வொரு கண்ணியும் அடுத்த கண்ணியோடு ஒட்டியே இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. நூறு கண்ணி இருந்தால் நூறு நிபந்தனை, ஒன்றைச் சரிசெய்தால் பக்கத்தது கெடும். பல எஞ்சின்கள் அத்தனையையும் ஒரே அடியில் துல்லியமாகத் தீர்ப்பதில்லை. ஒவ்வொன்றாகச் சரிசெய்துகொண்டே போய், மறுபடி முதலிலிருந்து வந்து, சில சுற்று முடிந்ததும் ‘போதும்’ என்று நிறுத்திவிடும். கண்ணிகள் லேசாகவும் கடைசியில் தொங்குவது பல நூறு மடங்கு கனமாகவும் இருந்தால் அந்தச் சில சுற்றுகள் போதாமல் மிச்சப் பிழை நிற்கும். அதுதான் உங்கள் கண்ணுக்கு நீட்சியாகத் தெரிகிறது.

கண்ணியின் அடர்த்தியைக் கூட்டுங்கள், தொங்கும் எடையைக் குறையுங்கள், அல்லது நொடிக்கு எத்தனை முறை கணக்கிட வேண்டும் என்ற எண்ணை உயர்த்துங்கள். நீட்சி குறையும். எடை தொங்கவிடாமல் இரண்டு முனையையும் பிடித்துத் தொங்கவிட்ட சங்கிலி அழகான வளைவில் நிற்கும். பார்க்கப் பரவளையம் மாதிரி இருக்கும், ஆனால் பரவளையம் இல்லை. கலிலியோவே அது கிட்டத்தட்ட பரவளையம் என்றுதான் எழுதினார்.

வேகமாக எறிந்த பந்து சுவருக்குள் புகுந்து அந்தப் பக்கம் போய்விட்டது!

மென்பொருளுக்கு நேரம் தொடர்ச்சியாக ஓடுவதில்லை. நொடிக்கு 60 முறை கணக்கிடுவதாக வைத்துக்கொள்வோம். நொடிக்கு 90 மீட்டர் வேகத்தில் போகும் பந்து ஒரு கணக்குக்கும் அடுத்த கணக்குக்கும் இடையில் ஒன்றரை மீட்டர் தாவும். சுவர் 20 சென்டிமீட்டர் என்றால், போன கணக்கில் பந்து இந்தப் பக்கம், இந்தக் கணக்கில் அந்தப் பக்கம். மோதிய கணமே பதிவாகவில்லை. சுவரைத் தடிமனாக்குங்கள் அல்லது கணக்கிடும் எண்ணிக்கையைக் கூட்டுங்கள்.

இரண்டு பெட்டியை ஒன்றின் மேல் ஒன்று படும்படி வரைந்தேன், ஓட்டியதும் வெடித்துச் சிதறியது.

ஒன்றுக்குள் ஒன்று புகுந்திருக்கிறது. வெளியே தள்ள மென்பொருள் பெரிய விசை கொடுக்கிறது. கொஞ்சம் இடைவெளி விட்டு வரையுங்கள், தானாக விழுந்து உட்காரும்.

அப்படியென்றால் இதில் வரும் விடையை நம்பலாமா?

சோதித்துவிட்டு நம்புங்கள். நான் வைக்கும் சோதனை தனி ஊசல். 1 மீட்டர் நீளத்தில் குண்டைத் தொங்கவிட்டு, காற்றுத் தடையை அணைத்து, கொஞ்சமாக இழுத்து விடுங்கள். ஒரு முழு அலைவுக்கு 2 நொடி வர வேண்டும். பத்து அலைவுக்கு நேரம் பார்த்துப் பத்தால் வகுத்தால் வந்துவிடும்.

இப்போது 60 டிகிரி இழுத்து விடுங்கள். அலைவு நேரம் 7 சதவீதம் கூடும், 2.15 நொடிக்கு வரும். சில பிள்ளைகள் மென்பொருள் தப்பு என்று எழுதி வைப்பார்கள். மென்பொருள்தான் இங்கே சரி. புத்தகத்துச் சூத்திரம் சிறிய கோணத்துக்கு மட்டுமே என்று அதே பக்கத்தில் ஒரு வரி இருக்கும், யாரும் படித்திருக்க மாட்டார்கள். உடனே புத்தகத்தைத் திறக்க வைப்பேன். மோதல், உராய்வு, அடுக்கிவைத்த பொருள்கள் ஆகியவற்றில் இந்த அளவு துல்லியத்தை எதிர்பார்க்காதீர்கள். பாலம் கட்டும் என்ஜினீயர் இதை வைத்துப் பாலம் கட்டுவதில்லை.

மேட்டூர் அணை மாதிரி தண்ணீர் விட்டுப் பார்க்கலாமா?

எந்த வடிவத்தையும் திரவமாக மாற்றும் வசதி இருக்கிறது. மாற்றினால் நூற்றுக்கணக்கான சின்னத் துளிகளாக உடையும். துளிகள் ஒன்றையொன்று தள்ளும் கணக்குதான் தண்ணீராகத் தெரிகிறது. பெரிய அணை வரைந்தால் லேப்டாப் விசிறி சத்தம் போட ஆரம்பிக்கும்.

ஒரு நல்ல சோதனை உண்டு. ஒரே உயரத்தில் இரண்டு தொட்டி, ஒன்று ஒல்லி, இன்னொன்று அகலம். இரண்டிலும் அடியில் ஒரே அளவு துளை. எதில் தண்ணீர் வேகமாகப் பீச்சும்? அகலமானது என்று நிறையக் கைகள் உயரும். பீச்சு தொடங்கும்போது இரண்டும் ஏறத்தாழ ஒன்றுபோலத்தான் வரும், ஏனென்றால் அழுத்தத்துக்கு ஆழம்தான் கணக்கு. 120 அடி நிற்கும் மேட்டூர் அணையின் அடியில் தண்ணீரால் மட்டும் வரும் அழுத்தம் சுமார் 3.6 லட்சம் பாஸ்கல். பின்னால் நீர் எத்தனை மைல் பரந்து கிடந்தாலும் அது மாறாது. எண்ணை அளந்து எடுக்க இந்தத் துளித் தண்ணீரை நம்பாதீர்கள், ஒப்பிட்டுப் பார்க்க மட்டும்.

ஏற்காட்டு எஸ்டேட்டிலிருந்து வரும் ஒரு பையன் இதை வைத்துத் தானாகவே ஒன்று செய்தான். காபிப் பழம் பறித்ததும் தண்ணீர்த் தொட்டியில் கொட்டுவார்கள். நல்ல பழம் அடியில் போகும், பூச்சி அடித்ததும் உள்ளே பருப்பு இல்லாததும் மிதக்கும், அதை வாரி எடுத்துவிடுவார்கள். அவன் தொட்டி வரைந்து, ஒரே அளவில் வட்டங்கள் போட்டு, பாதிக்குத் தண்ணீரைவிட அடர்த்தி கூட, பாதிக்குக் குறைய வைத்துக் கொட்டினான். எல்லாம் கலந்து விழுந்து, மெதுவாகப் பிரிந்து, மேலே ஒரு வரிசை, கீழே ஒரு வரிசை. மிதத்தல் பாடத்தை அன்று அவன்தான் நடத்தினான்.

ஜவ்வரிசி உருள்வதைக் காட்ட முடியுமா? எங்கள் வீட்டில் சேகோ ஆலை இருக்கிறது.

முழுசாக முடியாது. ஈர மரவள்ளி மாவு ஆட்ட ஆட்ட ஒன்றோடொன்று ஒட்டி மணியாகச் சேர்கிறது. இதில் உருளைகள் மோதும், உருளும், ஒட்டிச் சேராது. அளவு பார்த்துச் சலிக்கும் சல்லடையை வேண்டுமானால் செய்யலாம். சல்லடையை ஆட்டும் வேகத்தைக் கூட்டிக் குறைத்து, எந்த வேகத்தில் சின்ன மணி சீக்கிரம் இறங்குகிறது என்று பாருங்கள்.

ஒளியியலுக்கு உதவுமா?

உதவும். அல்கோடூவில் லேசர் கருவி இருக்கிறது. முக்கோணம் வரைந்து கண்ணாடியாக்கி ஒளியைப் பாய்ச்சினால் நிறம் பிரியும். பத்தாம் வகுப்புக்குப் போதும்.

நீட், ஜேஇஇ-க்கு இதனால் மார்க் கூடுமா?

நேரடியாகக் கூடாது. பரீட்சையில் ஓட்டு பொத்தான் கிடையாது. ஒரு பொருளின் மேல் என்னென்ன விசை, எந்தத் திசையில் என்று தாளில் அம்பு போட்டுப் பழகுவதற்கு மாற்று இல்லை. ஆனால் எந்த உருளை முதலில் இறங்கும் என்பது போன்ற கேள்விகளில் இது கை கொடுக்கும். 30 டிகிரி சரிவில் உராய்வில்லாத பெட்டி, திண்மத் தட்டு, வளையம் மூன்றையும் ஒன்றாக விட்டால் பெட்டி முதலில், தட்டு அடுத்து, வளையம் கடைசி. முடுக்கம் முறையே 4.9, 3.3, 2.45. அளவை மாற்றினாலும் எடையை மாற்றினாலும் வரிசை மாறாது. கண்ணால் ஒருமுறை பார்த்த பிள்ளைக்குச் சூத்திரம் மறந்தாலும் வரிசை மறக்காது. பிளஸ் டூ பொதுத்தேர்வுக்கு முந்தைய இரண்டு மாதம் நான் புரொஜெக்டரைத் தொடுவதே இல்லை.

பையன் பாடத்தை விட்டுவிட்டு ராக்கெட்டும் பீரங்கியுமாகச் செய்துகொண்டிருக்கிறான்.

செய்யட்டும். பீரங்கி சுட்டால் பின்னால் ஏன் நகர்கிறது என்று ஒரு தடவை கேட்டு வையுங்கள். திட்டி வாங்கிவைத்தால் போனில் வேறு ஏதாவது பார்ப்பான்.

எத்தனை வயதில் தொடங்கலாம்?

வரைந்து விழவைத்து விளையாட ஏழெட்டு வயது போதும். எண்களோடு பார்ப்பதற்கு எட்டாம் வகுப்பாவது வரட்டும்.

எங்கள் பள்ளியில் ஒரே ஒரு பேனா லேப்டாப்தான். 45 பிள்ளைகள்.

அதுவே போதும், சொல்லப்போனால் அதுதான் நல்லது. ஆளுக்கு ஒன்று கொடுத்தால் ஆளுக்கு ஒரு பக்கம் போய்விடுவார்கள். ஒருவர் வரையட்டும், மற்றவர்கள் நோட்டில் ஊகத்தைப் போடட்டும். மூன்று விதமான ஊகத்தைப் போர்டில் எழுதி, யார் எந்தப் பக்கம் என்று கை தூக்க வைத்து, ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் ஒருவர் காரணம் சொன்ன பிறகுதான் ஓட்ட வேண்டும். சண்டை வரும், வரட்டும். ஓட்டியபின் தோற்ற பக்கத்தாரிடம் மட்டும், எங்கே பிசகியது என்று கேளுங்கள். ஜெயித்தவர்களிடம் கேட்டால் பெருமைதான் பேசுவார்கள்.

செய்த சோதனையைச் சேமித்து வைக்க மறக்காதீர்கள். கோப்பு சின்னது, வாட்ஸ்அப்பில் ஆவணமாக அனுப்பினால் வேறு லேப்டாப்பிலும் திறக்கும். நன்றாக ஓடிய சோதனையில் கைவைத்து மாற்றும் முன் வேறு பெயரில் ஒரு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள்.

பேனா முனை தேய்ந்து திரையைக் கீறுமா?

தேயும். முனை ஒரு பக்கம் சாய்ந்து சப்பையானதும் மாற்றிவிடுங்கள். பெரும்பாலான பேனாக்களில் முனையை மட்டும் இடுக்கியால் பிடுங்கி வேறு போடலாம், வாங்கும்போதே உதிரி முனை கூட வருகிறதா என்று கேளுங்கள். திரையில் சாக்பீஸ் தூள் இருந்தால் கீறல் விழலாம். போர்டுக்குப் பக்கத்தில் லேப்டாப்பை வைப்பவர்கள் வகுப்பு தொடங்கும் முன் ஈரமில்லாத மெல்லிய துணியால் ஒருமுறை துடைத்துக்கொள்ளுங்கள்.